கைநடுங்கி என்று நான் வைத்த பெயர்

செப்டம்பர் 4, 2025 - வியாழன்

பள்ளி நூலகத்தை நான்கு மணிக்குப் பூட்டிவிட்டு தாவோ தியெனில் மெட்ரோ ஏறி, சைகோன் நடுவே இருக்கிற பென் தான் சந்தைக்குப் போனேன். வியாழக்கிழமை என்றால் குத்தூஸ் நானாவின் கடை, இஞ்சித் தேநீர், கூடைப்பந்துச் சண்டை. நானா காரைக்கால்காரர், அறுபத்து மூன்று வயது, சந்தைக்குப் பின்சந்தில் துணிக்கடை வைத்திருக்கிறார். இந்த ஊரில் கூடைப்பந்தைத் தமிழில் பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள். பேசுவதெல்லாம் தப்பு. ஆனாலும் ஒரே ஆள், என்ன செய்வது?

இன்று அமெரிக்க ஆட்டக்காரர் டிம் டங்கன் மாட்டினார். "அந்த ஆளு வெளயாடுறதப் பாத்தா தூக்கம் வருது புள்ள. ஆபீசுக்குப் போயிட்டு வர்ற மாரியில்ல இருக்கு" என்றார் நானா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடைக்குப் பின்னால் இருக்கிற பலகையில் இந்த இடத்தில் பட்டால் பந்து விழும் என்று கண்டுபிடித்து, பத்தொன்பது வருடம் அங்கேயே அடித்து, ஐந்து கோப்பை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்குப் போனவர். குதித்துக் காட்டுகிறவனுக்குக் கைதட்டல், ஜெயித்துக் காட்டுகிறவனுக்குக் கொட்டாவியா? நன்றாக இருக்கிறது நியாயம்.

பிறகு பேச்சு நம்மூர் அணிக்கு வந்தது. சைகோன் ஹெரன்ஸ். நான் கொக்குகள் என்றுதான் சொல்வேன். நானாவின் கல்லாவுக்கு மேலே மார்ட்டின் தாவின் படம் ஒட்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் பிறந்த வியட்நாமியப் பையன். ஆறடி ஐந்தங்குலம், பஸ் நிறுத்தமெல்லாம் அவன் சிரிப்புதான். பையனுக்கு மூன்று குறை. பந்து கைக்கு வந்தால் இன்னொருவனுக்குக் கொடுக்கத் தெரியாது. எதிராளி செய்த தவறுக்காகத் தடுப்பார் இல்லாமல் தனியாக நின்று எறிகிற ஃப்ரீ த்ரோ போடும்போது முழங்காலை மடக்க மாட்டான், மரம் மாதிரி நிற்பான். இரண்டு போட்டால் ஒன்றுதான் விழும். இதைச் சொன்னதற்கு நானா எனக்கு இரண்டாவது தேநீர் தரவில்லை.

செப்டம்பர் 6 - சனி

தோற்றோம். ஒரே ஒரு புள்ளி. கடைசியில் மார்ட்டினுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் வெளியே. மரம்! மரமேதான்!

வீட்டுக்கு வந்த சூட்டில் ரசிகர் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு பதிவு போட்டேன். 'கைநடுங்கி' என்று தலைப்பு. கீழே முழங்கால், தோள், பாஸ் கொடுக்காத பழக்கம் எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்திருக்கிறேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது.

செப்டம்பர் 8 - திங்கள்

என் பதிவுக்குத் தொள்ளாயிரம் விருப்பம்! யாரோ தலைப்பை வியட்நாமிய மொழியில் மாற்றியிருக்கிறார்கள். அந்த மொழியில் அது இரண்டே அசை. இவரிடம் காட்டினேன். இவர் பகல் முழுக்க இறால் தொழிற்சாலையில் தரம் பார்த்துவிட்டு வந்து வீட்டில் என் தரம் பார்ப்பவர். "ஆயிரம் ஆகட்டும், பால் பாயசம் வைக்கிறேன்" என்றார்.

செப்டம்பர் 9 - செவ்வாய்

ஆயிரத்து முந்நூறு. பாயசம் வந்தது. சர்க்கரை கம்மி.

செப்டம்பர் 11 - வியாழன்

நானா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "ஒங்க வாய்ல வசம்பத்தான் வச்சுத் தேய்க்கணும். ஒரு புள்ளைக்கி இப்புடியா பேரு வப்பிய?" என்றார். விளையாட்டு என்றால் நாலு பேர் நாலு சொல்வார்கள் என்றேன். ஜெர்மன் ஆட்டக்காரர் நோவிட்ஸ்கியை எடுத்துப் போட்டேன். 2006-இல் தோற்றபோது வெண்ணெய் மனுஷன், அழுத்தினால் உருகிவிடுவான் என்றார்கள். 2011-இல் கோப்பை வாங்கியதும் அதே வாய்கள் மூடிக்கொண்டன. ஜோர்டனையே முதல் ஏழு வருடம் 'புள்ளி எடுப்பான், ஜெயிக்க மாட்டான்' என்றுதானே சொன்னார்கள்? இவனும் போட்டுக் காட்டட்டும், பெயர் தானாகப் போகும்.

"எல்லாரும் ஜோர்டனா புள்ள?" என்றார். தேநீர் மட்டும் கொடுத்தார்.

செப்டம்பர் 27 - சனி

இன்று அரங்கத்தில் எதிரணி ரசிகர்கள் அந்த இரண்டு அசையைத் தாளம் போட்டுக் கத்தினார்கள். மார்ட்டின் கோட்டில் வந்து நின்றதுமே ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஆட்களிலும் பாதிப் பேர் சிரித்தார்கள். முதலில் எனக்குள்ளே கொஞ்சம் பெருமை வந்தது. பொய் சொல்வானேன், வந்தது.

அவன் பந்தை மூன்று முறை தரையில் தட்டிவிட்டு, விரல்களை உதறிப் பார்த்துக்கொண்டான். முன்பெல்லாம் அப்படிச் செய்ய மாட்டான். இரண்டும் வெளியே.

அக்டோபர் 5 - ஞாயிறு

மதகுபட்டியிலிருந்து அக்காவும் அத்தானும் கூப்பிட்டார்கள். மாதம் ஒரு ஞாயிறு. அத்தான் போனை வாங்கினால் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: "என்ன ரெண்டு, சவுக்கியமா?"

ரெண்டு - அது நான்தான். 1993-இல் கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி. ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டையும் விட்டேன். அந்த வருடம் முழுக்க அணியை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன், இருபது ஆட்டத்தில் அதிகப் புள்ளி எனக்கு. அதை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? ரெண்டு பூரணி. என் கல்யாணத்தில் பந்தியில் வைத்து அத்தான் சொன்னார், 'பொண்ணுக்கு ரெண்டு இட்லி வைங்கப்பா'. பந்தியே சிரித்தது. முப்பத்திரண்டு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன் நானும், வேறென்ன செய்ய.

போனை வைத்ததும் மார்ட்டினுக்கு நான் வைத்த பெயரை நினைத்து என்னையே கேட்டுக்கொண்டேன். ஏண்டி அன்னபூரணி, உனக்குத் தெரியாதா அது எப்படி இருக்கும்னு? தெரிஞ்சுமா செஞ்ச?

அக்டோபர் 20 - திங்கள்

தீபாவளி. அதிரசம் நன்றாக வந்தது. நானா வந்து ஆறு சாப்பிட்டார். மார்ட்டின் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

அக்டோபர் 24 - வெள்ளி

கை ஓடவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

பள்ளி முடிந்து மாரியம்மன் கோவிலுக்குப் போனேன். இங்கே ஒரு வழக்கம் உண்டு, நம் ஊரில் கிடையாது. கருவறையின் பின்சுவரில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு, வேண்டுவதைக் கல்லிடம் முணுமுணுப்பார்கள். பெரும்பாலும் வியட்நாமியர்கள். வந்த புதிதில் கருவறைச் சுவரை இப்படித் தொடலாமா என்று எனக்குத் திக்கென்றது. ஆறு வருடத்தில் நானும் பழகிவிட்டேன். இப்போது ஊருக்குப் போனால் கோவிலில் பின்சுவரைத் தேடுகிறேன்.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரே ஆள். அவ்வளவு உயரம் இந்த ஊரில் யார்? மார்ட்டின் தாவ். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். பாதி மடங்கிக் குனிந்து சுவரில் நெற்றியை வைத்தான். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன், ஒட்டுக்கேட்கவில்லை. அவனே கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னான். ஆங்கிலத்தில் சொன்னான். சுற்றி இருந்தவர்களுக்குப் புரியாது. எனக்குப் புரிந்தது.

"அம்மா தாயே, என் அம்மா அடுத்த மாதம் பதிமூன்றாம் தேதி கலிஃபோர்னியாவிலிருந்து வருகிறார். நான் இங்கே விளையாடி அவர் பார்த்ததே இல்லை. பதினைந்தாம் தேதி ஆட்டத்துக்கு வருவார். நான் தோற்றாலும் பரவாயில்லை. அந்த ஒரு நாள் மட்டும் அந்தப் பெயர் அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்."

நிமிர்ந்தான், என்னைப் பார்த்தான். பெரியவர்களுக்குச் சொல்வது போலத் தலை தாழ்த்தி வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவு நல்ல பிள்ளையாக.

என் முறை வந்தது. சுவரில் தலையை வைத்தேன். அவன் வேண்டியதையே நானும் வேண்டினேன்.

அக்டோபர் 25 - சனி

பதிவை அழித்தேன். அழித்து என்ன, ஊரெல்லாம் படம் பிடித்து வைத்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டு இன்னொரு பதிவு போட்டேன். வசவுக்கு ஆயிரத்து முந்நூறு விருப்பம் வந்ததே, மன்னிப்புக்கு எத்தனை தெரியுமா? நான்கு. அதில் ஒன்று நானா, ஒன்று இவர்.

"நெல்லக் கொட்டுனா அள்ளிரலாம்டி, சொல்லக் கொட்டுனா அள்ள முடியாது" என்றார் இவர். எரிகிற நெருப்பில் இவர் ஒருவர். பிறகு தோசை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார், நான் கேட்காமலே.

அக்டோபர் 30 - வியாழன்

நானாவிடம் கோவிலில் கேட்டதைச் சொன்னேன். சொல்லக் கூடாதுதான். ஆனால் எனக்குத் துணை வேண்டும். நானா தேநீரை அப்படியே வைத்துவிட்டு, "அந்தப் புள்ளையோட தாய் வர்றாங்களா" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் கூடத் தேவலை.

யோசித்தோம். விசில் வாங்கி எல்லோருக்கும் கொடுக்கலாமா? உள்ளே விட மாட்டார்கள். எதிரணி ரசிகர்களிடம் கேட்டுப் பார்க்கலாமா? "கேட்டா இன்னும் பலமாக் கத்துவானுவோ" என்றார். ரசிகர் பக்கத்தில் 'பதினைந்தாம் தேதி வேண்டாமே' என்று எழுதினேன். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன.

பேச்சு அந்தக் கால அமெரிக்க ஆட்டக்காரர் சேம்பர்லெயினுக்குப் போனது. ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளி எடுத்த வருடம் அவர் ஃப்ரீ த்ரோவைக் கீழேயிருந்து, இரண்டு கையாலும் தூக்கிப் போட்டார். அந்த ஆட்டத்தில் முப்பத்திரண்டில் இருபத்தெட்டு விழுந்தது. பிறகு கேலியாக இருக்கிறது என்று அந்த முறையையே விட்டுவிட்டார், மறுபடி விழாமல் போனது. பந்து விழுவதை விடப் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது பெரிதாகிவிட்டது, அவ்வளவு பெரிய ஆளுக்கே. இதை வைத்து மார்ட்டினும் கீழேயிருந்து போட வேண்டும் என்று ஆகஸ்டில் ஒரு பதிவு எழுதியிருந்தேன். சேம்பர்லெயினை இளக்காரமாகவும் எழுதியிருந்தேன். இன்று அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நவம்பர் 14 - வெள்ளி

நாளை. காலையிலிருந்து மூன்று முறை டிக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டேன். விளையாடப் போவது நான் இல்லை, தெரிகிறது.

நவம்பர் 15 - சனி

எங்கிருந்து ஆரம்பிப்பது!

நாங்கள் உட்கார்ந்த இடத்துக்கு இரண்டு வரிசை முன்னால் மார்ட்டினின் அம்மா. நானாதான் காட்டினார். பயிற்சியின்போது மார்ட்டின் ஓடி வந்து அவர் தோளில் கை வைத்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறார். சின்ன உருவம், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. மகன் பந்தைத் தொடும்போதெல்லாம் அந்தப் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

நல்ல வேளை, மூன்று கால் பகுதிவரை மார்ட்டினுக்கு ஃப்ரீ த்ரோ ஒன்றுகூட வரவில்லை. நான் எல்லாச் சாமியையும் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒன்பது நொடி மிச்சம், ஒரு புள்ளி பின்னால், விசில். மார்ட்டினுக்கு இரண்டு.

நம் ஆட்கள் அமைதியானார்கள். கூடைக்குப் பின்னால் எதிரணி ரசிகர்கள் முந்நூறு பேர் எழுந்தார்கள். கையைத் தூக்கித் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். முதல் அசை வாயிலிருந்து வந்துவிட்டது. அம்மா அந்தப் பக்கம் திரும்புகிறார்.

நான் எழுந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாயைத் திறந்தேன், குலவை வந்தது.

எங்கள் பக்கத்துக் குலவை. முளைப்பாரி எடுக்கும்போது போடுவோமே, நாக்கைச் சுழற்றி, அடிவயிற்றிலிருந்து, அந்தக் குலவை. போட்டு எத்தனை வருடம் ஆகிறது! அரங்கத்தின் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. நானா காதைப் பொத்திக்கொண்டு "யா அல்லா" என்றார். முந்நூறு பேரும் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நடுவர் பார்த்தார். மார்ட்டின் பார்த்தான். பார்த்துக்கொண்டே போட்டான். வெளியே.

ஐயோ, என்னாலதான் போச்சு! சொந்த ஆளையே கெடுத்துட்டேனே! உட்காரப் போனேன். ஆனால் நான் நிறுத்தினால் அவர்கள் ஆரம்பிப்பார்கள். மூச்சை இழுத்து மறுபடி போட்டேன். அப்போது மார்ட்டினின் அம்மா எழுந்து, என் பக்கம் திரும்பி, வாயில் கை வைத்து 'லூ லூ லூ' என்று கத்தினார். அவருக்கு என்ன புரிந்ததோ. பக்கத்தில் இருந்த பெண்கள் சேர்ந்தார்கள். பிறகு வரிசை வரிசையாக. ஒருவருக்கும் நாக்கு சுழலவில்லை, ஓநாய்க் கூட்டம் மாதிரி இருந்தது. அந்தப் பெயர் எந்த மூலையிலிருந்தும் கேட்கவில்லை.

மார்ட்டின் சிரித்தான். முழங்காலை மடக்கினான். மடக்கினான்! பந்து வலையில் விழுந்தது.

ஆட்டம் சமம். கூடுதல் நேரத்தில் நான்கு புள்ளியில் தோற்றோம். பரவாயில்லை.

முடிந்ததும் அந்த அம்மா என்னிடம் வந்தார். என் வியட்நாமிய மொழி காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான். அது என்ன சத்தம் என்று கேட்டார். எங்கள் ஊரில் பெண்கள் சாமிக்கு, கல்யாணத்துக்கு, நல்லது நடப்பதற்குப் போடுவது என்று எப்படியோ சொன்னேன். "முதல் பந்து விழவில்லையே" என்றார். "இரண்டாவது விழுந்ததே" என்றேன். சிரித்து, பையிலிருந்து காய்ந்த பலாச்சுளைப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினார். என் கை நடுங்கியது.

நவம்பர் 17 - திங்கள்

வீடியோ பரவிவிட்டது. நூலகத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகம் எடுக்க வராமல் நாக்கைச் சுழற்றக் கற்றுக்கொள்ள வந்தார்கள். ரசிகர் பக்கத்தில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: கோ லூ லூ. லூ லூ அத்தை என்று வைத்துக்கொள்ளலாம். ஐம்பத்தொரு வயதில், நூலகம் பார்க்கிற எனக்கு! இவர் காலையில் காப்பியை நீட்டி, "கோ லூ லூ, சர்க்கரை போதுமா?" என்றார். நன்றாக வேண்டும் எனக்கு.

நவம்பர் 21 - வெள்ளி

கோவிலுக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போதே மார்ட்டின் உள்ளே வந்து ஊதுபத்தி கொளுத்துவதைப் பார்த்துவிட்டேன். எனக்குப் பின்னால் வந்து நின்றான். ஓடிவிடலாமா என்று ஒரு கணம். ஓடி எங்கே போவது?

சுவரில் நெற்றியை வைத்து, அவனுக்குக் கேட்கிற அளவுக்கு, ஆங்கிலத்தில் சொன்னேன்: "தாயே, அந்தப் பெயரை வைத்தது நான். கோபத்தில் வைத்தேன். எனக்கும் ஒரு பெயர் உண்டு, அதன் வலி தெரிந்தும் வைத்தேன். பின்னால் நிற்கிற பிள்ளையிடம் என்னை மன்னிக்கச் சொல்."

திரும்பி அவன் முகத்தைப் பார்க்காமல் விலகி நின்றேன். அவன் குனிந்தான், நெற்றியைச் சுவரில் வைத்தான். தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னான்.

"தாயே, அந்த அத்தையிடம் சொல். எனக்கு செப்டம்பரிலிருந்தே தெரியும். பதிவில் முழுப் பெயரும் இருந்தது. பட்டுப்புடவையோடு, கணவரோடு, ஒரு கோவில் வாசலில் நிற்கிற படமும் இருந்தது. மற்றவர்கள் எல்லாம் பூனைப் படம் வைத்துக்கொண்டுதான் திட்டுகிறார்கள்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"போன மாதம் இங்கே வரிசையில் எனக்குப் பின்னால் அவர்தான் நிற்கிறார் என்றும் தெரியும். அதனால்தான் ஆங்கிலத்தில், சத்தமாகச் சொன்னேன்."

கள்ளப் பயல்! பாஸ் கொடுக்கத் தெரியாதவன் என்று எத்தனை பதிவு எழுதியிருப்பேன். முதுகைக் காட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல், சரியாக என் கையில் கொண்டுவந்து போட்டிருக்கிறான். அப்படி ஒரு பாஸை நான் எந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை.

"முழங்கால் விஷயம் அவர் சொன்னது சரி" என்று முடித்தான். "ஆனால் கீழேயிருந்து போட மாட்டேன். அதை மட்டும் கேட்க வேண்டாம் என்று சொல்."

நிமிர்ந்து, முன்பு போலவே தலை தாழ்த்தி வணக்கம் சொன்னான். நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. பூசாரி இரண்டு பேருக்கும் வாழைப்பழம் கொடுத்தார்.

நவம்பர் 27 - வியாழன்

எல்லாவற்றையும் நானாவிடம் சொன்னேன். "அப்ப நா சொன்ன மாரி நல்ல புள்ளதானே?" என்றார். நல்ல பிள்ளைதான், ஆனால் கீழேயிருந்து போட்டால் பத்துக்கு எட்டு விழும் என்றேன். சண்டை ஏழு மணிவரை நடந்தது. மூன்று தேநீர்.

நவம்பர் 30 - ஞாயிறு

மதகுபட்டியிலிருந்து போன். அக்கா மகள் வீடியோவை வீட்டில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். மழை, நெல் நடவு, அக்காவின் சர்க்கரை எல்லாம் பேசி முடிந்து அத்தான் போனை வாங்கினார். நான் வழக்கம் போலச் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"என்ன லூ லூ, சவுக்கியமா?" என்றார்.